மெயின் ஸ்டாண்டு இல்லாத வண்டி

அத்தானுக்கு அந்தத் தெருவில் இன்ஜினியர் என்று பெயர். படித்து வாங்கிய பெயர் இல்லை. குடிவந்த புதிதில், மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று வீட்டுக்காரர் ஆள் கூப்பிடக் கிளம்பினார். இதற்கெல்லாமா ஆள் என்று அத்தான் மோட்டாரைப் பிரித்துப் போட்டார். சாயங்காலம் வீட்டுக்காரர் புது மோட்டார் வாங்கி வந்தார். மறுநாளிலிருந்து அவர் மாடிப்படியில் நின்று, "என்ன இன்ஜினியர், சௌக்கியமா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. அத்தான் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். அப்படிக் கூப்பிட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரும்பிப் பார்ப்பார்.

அந்த வீட்டில் அவரை அத்தான் என்று கூப்பிட்டது அவர் மனைவியின் தங்கை. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, குளிர்ப் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். லேபு அக்கா வீட்டிலிருந்து பக்கம் என்பதால் அங்கேயே தங்கியிருந்தாள். அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். அத்தான் வீட்டில் இருந்தார். அதற்கு முன்னால் பல கம்பெனிகளில் இருந்தார். ஒவ்வொரு கம்பெனியிலும் மேலே இருந்தவர்கள் எல்லாரும் முட்டாள்களாக அமைந்துபோனதால் எதிலும் நிலைக்க முடியவில்லை என்பது அவர் சொல்லும் காரணம்.

தங்கைக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவர் வாயைத் திறந்தால் இவள் சுவரைப் பார்ப்பாள். முட்டையை எப்படி வேகவைப்பது என்று முட்டை வேகவைத்துக்கொண்டிருப்பவளுக்கே சொல்லித் தருகிற மனிதர். அக்காவோ எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் தங்கைக்கு அத்தான் மேல் வரும் எரிச்சலில் பாதி அக்கா மேல் திரும்பும்.

அவள் வண்டிக்கு மெயின் ஸ்டாண்டு கிடையாது. வாங்கும்போது இருந்தது. அவள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில், வண்டிக்கு ட்யூனிங் செய்கிறேன் என்று எடுத்துப்போன அத்தான், அது வீண் பாரம், கழற்றினால் மைலேஜ் கூடும் என்று அதைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார். மைலேஜ் கூடவில்லை. அன்றிலிருந்து வண்டி பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்தே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எடுத்த ரத்தத்தை லேபில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. இறங்கித் தள்ளினாள். தள்ளத் தள்ள ட்யூபில் காற்று அடிக்கும் மவுத் பிய்ந்து, டயர் ரிம்மை விட்டு நழுவி, வீட்டு வாசலுக்கு வருவதற்குள் சக்கரமே சுற்ற மறுத்தது. வழக்கமான மெக்கானிக் ஞாயிறு கடை திறப்பதில்லை. மெயின் ரோட்டு பஞ்சர்க்காரருக்குப் போன் போட்டாள். இனிமேல் உருட்டினால் ரிம் போய்விடும், வீலை மட்டும் கழற்றி எடுத்து வந்தால் ட்யூப் மாற்றித் தருகிறேன், இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள் என்றார் அவர். மறுநாள் விடிந்தால் அவளுக்காக ஏழெட்டு வீடுகளில் காப்பிகூடக் குடிக்காமல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

அவள் போனை வைப்பதற்குள் அத்தான் வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வேறு வந்திருந்தார். எப்போதோ வேலை பார்த்த தண்ணீர் ஃபில்டர் கம்பெனியின் பெயர் பொறித்த சட்டை. கழுத்தில் துண்டு. வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டினார். பிறகு, இதில் கழற்றுவது ஒரு பெரிய விஷயமே இல்லை, தூக்கி நிறுத்துவதுதான் விஷயம், மெயின் ஸ்டாண்டு இருந்திருந்தால் வேலை சுலபம் என்றார்.

அதைக் கழற்றி எறிந்தது யார் என்று கேட்க வந்த வாயைத் தங்கை மூடிக்கொண்டாள். கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் வரும். பொழுது போய்விடும்.

முதலில் ஜாக்கி. வீட்டுக்காரரின் கார் ஜாக்கியைக் கேட்டு வாங்கி வந்தார். அதை எங்கே கொடுப்பது என்று போனில் ஒரு வீடியோவைத் தேடினார். வீடியோவில் பேசியவன் தப்பாகச் சொல்கிறான் என்று பாதியிலேயே நிறுத்திவிட்டு, சைலன்சருக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து ஏற்ற ஆரம்பித்தார். சைலன்சருக்கு எடை தாங்கத் தெரியாது, அது வெறும் தகரக் குழாய், அடிச்சட்டத்தில் கொடுங்கள் என்று தங்கை சொன்னாள். அத்தான் அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார். ஊசி குத்துகிற வேலைக்கும் இதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது என்றார்.

சைலன்சர் நெளிந்தது. ஜாக்கி சாய்ந்து, நழுவி, தரையில் விழுந்து சத்தம் போட்டது. மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். குனிந்து தன் ஜாக்கியை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார். பிறகு பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சின்ன வண்டிக்கு ஜாக்கி தோதுப்படாது, தனக்கு முதலிலேயே தெரியும், சும்மா சோதித்துப் பார்த்ததாக அத்தான் சொன்னார். அடுத்தது கயிறு என்றார். போர்ட்டிகோவின் மேலே குறுக்கே ஓடிய இரும்புக் குழாயைக் காட்டி, அதில் கயிறு போட்டு வண்டியின் பின்பக்கத்தை மட்டும் தூக்கிக் கட்டிவிட்டால் சக்கரம் அந்தரத்தில் நிற்கும், குழந்தைகூடக் கழற்றிவிடும் என்று விளக்கினார். அவர் கயிறு தேடி உள்ளே போன நேரத்தில் தங்கை ஸ்பேனரை எடுத்து, சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே ஆக்ஸில் நட்டில் மாட்டி, ஏறி மிதித்துத் தளர்த்தி வைத்தாள். அந்தரத்தில் தொங்குகிற சக்கரத்தில் இறுகிய நட்டைத் திருகினால் வண்டிதான் ஆடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அத்தான் துணி காயப்போடும் நைலான் கொடியை அவிழ்த்து எடுத்து வந்தார். அவர் பின்னாலேயே அக்காவும் வந்தாள். இரவு டியூட்டி முடித்துப் படுத்திருந்தவள். கண் சிவந்திருந்தது. வண்டியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், கணவர் கையிலிருந்த கொடியைப் பார்த்தாள். உள்ளே போய், கட்டிலிலிருந்து மெத்தையை உருவித் தரதரவென்று இழுத்து வந்து, வண்டியின் பக்கத்தில் விரித்தாள்.

"இது எதுக்கு?" என்றார் அத்தான்.

"கீழ உக்காந்து வேலை செய்யணும்ல. முட்டி வலிக்கும் உங்களுக்கு."

அத்தானுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. மனைவி என்றால் இப்படி இருக்க வேண்டும், சொல்லாமலே தேவை தெரிய வேண்டும் என்று மச்சினிக்கு எடுத்துச் சொன்னார். தங்கைக்கு அக்காவைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. அவர் படுக்கிற மெத்தையை வாசலில் போட்டு இந்தக் கூத்துக்கு ராஜ உபசாரம் வேறு.

அத்தான் கயிற்றைக் குழாயில் வீசிப் போட்டு, ஒரு முனையை சீட்டுக்குப் பின்னால் இருந்த கைப்பிடியில் கட்டினார். மறுமுனையை அவர் இழுக்க, தங்கை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தாள். தூக்கியது முழுக்க அவள்தான். அவர் முகம் சிவக்க மூச்சை மட்டும் விட்டார். சக்கரம் தரையை விட்டு ஒரு விரற்கடை எழுந்தது. அவர் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டார். கப்பல்காரர்கள் போடுகிற முடிச்சு, யானை கட்டி இழுத்தாலும் அவிழாது என்றார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, இடுப்பில் கைவைத்துப் பார்த்து ரசித்துவிட்டு, தன் போனைத் தங்கையிடம் நீட்டி ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். நண்பர்களுக்கு அனுப்ப வேண்டுமாம்.

சீட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். அந்தக் கையின் எடை போதுமானதாக இருந்தது. முடிச்சு சாவகாசமாக நழுவியது, கொடி சர்ரென்று ஓடியது, வண்டி ஒரு தரம் குதித்து அப்படியே சாய்ந்தது. அத்தான் துள்ளி விலகிய வேகத்தைப் பார்த்தால், வீட்டு வேலைக்குக் கூப்பிடும்போதெல்லாம் முட்டிவலி என்று உட்காருகிறவர் இவர்தான் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

வண்டி மெத்தையின் மேல் பொத்தென்று விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, விளக்கு உடையவில்லை. பெட்ரோல் மட்டும் சொட்டுச் சொட்டாக மெத்தையில் இறங்கியது. தங்கை ஓடிப்போய்ப் பெட்ரோல் குழாயை மூடினாள்.

"போட்டோ எடுக்கிற சாக்குல வண்டியை விட்டுட்டே பாரு" என்றார் அத்தான். "நான் ஒருத்தன் எத்தனையத்தான் பிடிக்கிறது?"

பதிலுக்குக் காத்திராமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தசை பிடித்துக்கொண்டதாகவும், இந்த மாதிரி ஒத்துழைப்பு இல்லாத இடத்தில் தன்னால் வேலை செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். மெத்தை இல்லாத கட்டிலில் பலகை மேலேயே படுத்தார். மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்லும் குரல் மட்டும் வந்தது. அக்கா போய்க் கூட்டிவைத்துவிட்டு வந்தாள்.

தங்கை வண்டியைத் தூக்கி நிறுத்த அக்காவைக் கைகொடுக்கச் சொன்னாள். அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு எதற்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டாள். தங்கைக்குப் புரியவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற நோயாளிக்கு விரிப்பு மாற்ற வேண்டும் என்றால் அவரை எழுப்பியா நிறுத்துகிறோம், படுத்தபடியே புரட்டித்தானே மாற்றுகிறோம் என்றாள் அக்கா. சக்கரம் இப்போது எதன் மேலும் பாரமாக இல்லை, சும்மாதான் இருக்கிறது, இப்படியே கழற்ற முடியாதா என்று கேட்டாள்.

முடிந்தது. அக்கா வண்டியின் பின்பக்கத்தை, ஆள் இடுப்பைத் தூக்குவதுபோல, ஒரு சாண் உயர்த்தி, முழங்காலை அடியில் கொடுத்துத் தாங்கினாள். அடிப்பக்கம் போயிருந்த நட்டு ஏற்கெனவே தளர்ந்திருந்ததால் தங்கையின் விரலுக்கே கழன்று வந்தது. பிரேக் கம்பியை விடுவித்தாள். ஆக்ஸிலை மேல்பக்கமாகத் திருகித் திருகி உருவினாள். கழன்ற ஒவ்வொரு வளையத்தையும் அக்கா கையில் வாங்கி, எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று பக்கத்தில் ஒரு தட்டில் வரிசையாக அடுக்கினாள். செயினைப் பல்சக்கரத்திலிருந்து ஒதுக்கி, சக்கரத்தைச் சற்றே சாய்த்து இழுத்ததும் அது பேசாமல் கையோடு வந்துவிட்டது. இருவரும் கறுப்புக் கையோடு மெத்தை விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. மெத்தை விரித்திருந்தது முட்டி போட வேண்டிய பக்கம் இல்லை. வண்டி சாயக்கூடிய பக்கம்.

"அக்கா, கயிறு நழுவும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கயிறைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? கட்டினது அவர்."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. துணியால் விரல் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கிண்டல்கூட இல்லை என்று பார்த்ததும் தங்கையின் சிரிப்பு அடங்கிப்போனது. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவர் ஃப்யூஸைத் தொடப் போனால் அக்கா முதலில் மெழுகுவத்தியை ஏற்றி வைப்பாள். குழாயைத் திருகப் போனால் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைப்பாள். கடைசி வேலையை அவர் உதறிவிட்டு வந்து வீரமாகச் சொன்ன அன்று, அக்கா அதற்கு முந்தைய வாரமே கூடுதல் டியூட்டி எழுதிக் கொடுத்திருந்தாள். இத்தனை நாள் அதையெல்லாம் தங்கை பாசம் என்றே நினைத்திருந்தாள். புருஷன் மேல் பைத்தியம் என்று தோழிகளிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் எல்லாவற்றுக்கும் சரிங்க என்கிறாய் என்று கேட்டாள். அக்கா உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே பேசினாள்.

"வார்டுல சில பேர் இருப்பாங்க. எனக்கு ஒண்ணுமில்ல, நான்தான் இங்க பெரிய டாக்டர்னு கத்துவாங்க. அவங்ககிட்ட போய் வாதாடுவோமா? சரிங்கன்னுட்டு நம்ம வேலையைப் பாத்துட்டுப் போவோம்." கை துடைத்த துணியை உதறி மடித்தாள். "உனக்கு அவர் மேல கோவம் வருது. ஏன்னா, நீ இன்னும் அவரை ஒரு ஆளா நினைக்கிறே."

அத்தானைத் தன்னைவிட அதிகமாக வெறுப்பவர் இந்த வீட்டில் இருக்க முடியாது என்று அவள் நம்பியிருந்தாள். தன்னுடையது வெறும் எரிச்சல்தான் என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

பஞ்சர் கடைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டதும் அத்தான் எழுந்து வந்துவிட்டார். இடுப்பு தேவலையாம். பெண்பிள்ளை சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் போவதாவது என்று வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். வைப்பதற்கு முன்னால் சக்கரத்திலிருந்து கையில் ஒட்டிய க்ரீஸைச் சட்டையில் நாலு இடத்தில் துடைத்துக்கொண்டதைத் தங்கை பார்த்தாள். தெரு முனைவரை தூக்கினார். பார்க்க ஆள் இருந்தவரை தூக்கினார். அதற்கப்புறம் மணிக்கட்டு வலிக்கிறது என்று அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கைவீசி நடந்தார். கடை வாசலில் மறுபடி வாங்கிக்கொண்டார்.

பஞ்சர்க்காரர் ட்யூப் மாற்றுகிற நேரமெல்லாம் அத்தான் அவருக்கு ட்யூப் மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சர்க்காரர் ஒவ்வொன்றுக்கும் "அப்படிங்களா சார்" என்றார். அந்தக் குரலும் தங்கைக்கு இப்போது புதிதாகக் கேட்டது. அதில் வீட்டுக்காரரின் 'இன்ஜினியர்' கேட்டது. தெருக்காரர்களின் குரலும் கேட்டது. எல்லாரும் ஒரே மாதிரி, மெதுவாக, தலையை ஆட்டிக்கொண்டே இந்த மனிதரைக் கைகழுவியிருக்கிறார்கள். அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியாமல் இருந்திருக்கிறது. அவளுக்கும், அவருக்கும்.

திரும்பி வந்து, கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக எல்லாவற்றையும் மாட்டினார்கள். மாட்டுவதற்குக் கழற்றியதைவிட அதிக நேரம் பிடித்தது. தட்டில் இருந்த வரிசைப்படி அக்கா எடுத்துக் கொடுக்க, தங்கை கோத்தாள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து செயின் டென்ஷன் பற்றிப் பேசினார். வண்டியை நிமிர்த்தி, நட்டை இறுக்கி, இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்து, பிரேக்கையும் பார்த்துவிட்டு அவள் வந்து நின்றபோது வீட்டுக்காரர் இறங்கி வந்திருந்தார்.

"பரவாயில்லையே இன்ஜினியர். தூக்காமலே கழட்டிட்டீங்களே" என்றார்.

அத்தான் காலை நீட்டி உட்கார்ந்தார். தூக்குவதே தப்பு, வண்டியைப் படுக்கவைத்துக் கழற்றுவதுதான் முறை, அதற்காகத்தான் மெத்தையே போட வைத்தேன் என்றார்.

"பாத்தேன், பாத்தேன். எல்லாத்தையும் மேல இருந்து பாத்துட்டுதான் இருந்தேன்" என்றார் வீட்டுக்காரர், மிகவும் பணிவாக.

தங்கையால் பொறுக்க முடியவில்லை.

"கழட்டினது நானும் அக்காவும். மாட்டினதும் நாங்கதான். நீங்க கட்டினது அவுந்து விழுந்ததாலதான் வண்டி படுத்துச்சு. அதுகூடத் தெரியலையா அத்தான் உங்களுக்கு?"

அத்தான் சிரிக்க முயன்றார். கழற்றியது கை, கழற்ற வைத்தது மூளை என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்காரர் எங்கேயோ பார்த்தார். அத்தான் அக்காவிடம் திரும்பினார்.

"நீயே சொல்லு. நான் சொன்னபடிதானே செஞ்சீங்க?"

அக்கா சரிங்க என்று சொல்லப்போகிறாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இனி ஆகாது, ஒரே பெட்ரோல் நாத்தம்" என்றாள். "தூக்கிப் போட்டுடறேன். நீங்க இனிமே ஹால்ல பாய் விரிச்சுப் படுத்துக்கோங்க. எனக்குக் கட்டில்ல பலகையே போதும்."

சண்டை போடுகிற குரல் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். பாதிப் படியில் அவருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. இத்தனை வருஷம் அடக்கிவைத்த சிரிப்பு. அத்தான் அதைக் கேட்டார். கேட்டுக்கொண்டு, சட்டையில் இருந்த க்ரீஸ் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, அந்தக் கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தங்கைக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அவள் குளிர்ப் பெட்டியை வண்டியில் கட்டும்போது அத்தான் வாசலுக்கு வந்தார். ஹாலில் படுத்த தலை கலைந்திருந்தது. தரையில் படுப்பது முதுகெலும்புக்கு எவ்வளவு நல்லது என்று ஆரம்பித்தார். பிறகு, புதுசாக மாட்டின சக்கரம், கொஞ்ச தூரம் மெதுவாகப் போ, அது 'செட்' ஆகணும் என்றார். நேற்று நடந்த எதுவும் அவர் மேல் ஒட்டவே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அல்லது ஒட்டியதைக் காட்டக்கூடாது என்று நிற்கிறாரோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"சரிங்க அத்தான்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. துளிக் கோபம் இல்லை அதில். வண்டியைக் கிளப்பி, தெரு தாண்டி, முதல் வீட்டில் ஒரு கிழவரின் கையில் நரம்பு தேடும்போதும் அது காதிலேயே இருந்தது. இப்படி ஒருவரைக் கைகழுவுவது இவ்வளவு சுலபம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. பழகினால் யாரிடமும் இப்படிப் பேச வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அந்த வாரமே லேபுக்குப் பின்தெருவில் ஓர் அறை பார்த்தாள். அக்காவையும் கூப்பிட்டாள். விட்டுவிட்டு வா, நாம் இரண்டு பேரும் இருந்துகொள்ளலாம் என்றாள். அக்கா புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டே, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சாமான்களைக் கொண்டுபோக லோடு ஆட்டோ வந்தபோது, பீரோவை எப்படித் தூக்க வேண்டும் என்று அத்தான் ஆட்டோக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை குனிந்து பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.